மெத்தைக் கடையில் அத்தான் உறங்கிய நாள்

நாங்கள் மெத்தை செய்கிறவர்கள். கேரளத்தின் தென்கோடியில், கொல்லயிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை உண்டு. அதுதான் கம்பெனி. தேங்காய்த் தும்பை, அதாவது நாரை, உதறிப் பரப்பி, அம்பூரிப் பக்கமிருந்து வாங்கிவரும் ரப்பர் பாலை அதன்மேல் தெளித்து, அழுத்திச் சூடாக்கி எடுத்தால் மெத்தைக்கான பலகை கிடைக்கும். அதை வெட்டி உறை தைத்தால் மெத்தை. செய்வது என் கணவர் பொறுப்பு, விற்பது என் பொறுப்பு. அவர் பொறுப்பு நன்றாக நடந்தது. என்னுடையது கொட்டகையின் சுவரோரமாக அடுக்கடுக்காக உயர்ந்துகொண்டே போனது. மழைக்காலத்தில் அந்த அடுக்கின் உச்சியில் ஒரு பூனை குட்டி போட்டது. எங்கள் மெத்தையை முதலில் விரும்பி ஏற்றுக்கொண்ட குடும்பம் அதுதான்.

அப்போதுதான் நெய்யாற்றின்கரையில் ஒரு சிறுதொழில் கண்காட்சி வந்தது. ஸ்டால் எடுத்தவர்களுக்கு முன்கூட்டியே ஒரு பயிற்சி வகுப்பும் நடத்தினார்கள். பாடம் எடுத்த சார் திரையில் படங்களைக் காட்டி விளக்கினார். ஸ்டாலுக்குள் ஒருபோதும் உட்காரக் கூடாது. நடந்துபோகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். "என்ன வேணும்?" என்று கேட்காமல், அவர்கள் நின்று பதில் சொல்லும்படியான ஒரு கேள்வி கேட்க வேண்டும். விசிட்டிங் கார்டு போட ஒரு கண்ணாடிக் கிண்ணம் வைக்க வேண்டும். வந்தவர்கள் அன்றைக்கே வாங்காவிட்டாலும் பரவாயில்லை, ஃபோன் நம்பரை வாங்கிவைத்துப் பிறகு கூப்பிட வேண்டும். அப்படிப்பட்டவருக்குப் பெயர் 'லீட்'.

என் கணவர் திரும்பிவரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தார். "எடி, லீடுன்னா எலெக்சன்ல ஒருத்தன் முந்துறதாக்கும்னுல்லா நான் இவ்வளவு நாளும் நெனச்சேன்," என்றார். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் யாருக்கும் தெரியாது.

எங்களுக்குக் கிடைத்த ஸ்டால் மண்டபத்தின் கடைசியில் இருந்தது. ஒரு பக்கம் ஊதுபத்தி ஸ்டால். மறுபக்கம் கழிப்பறைக்குப் போகும் வழி. ஆகவே எங்கள் முன்னால் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் வந்தவர்கள் அத்தனை பேரும் அவசரத்தில் இருந்தார்கள். திரும்பிப் போகும்போது நிதானமாக இருந்தார்கள்தான். அப்போது அவர்கள் கண் ஊதுபத்திப் பக்கம் போய்விடும்.

முதல் நாள் என் கணவர் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னால் நின்றார். கேள்வியை வகுப்பில் இருந்தபோதே தயார் செய்துவிட்டிருந்தார். எதிரில் வந்த ஒரு பெரியவரைப் பார்த்து, பள்ளிக்கூடப் பாடப்புத்தக மலையாளத்தில், தங்களுடைய உறக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

பெரியவர் நின்றுவிட்டார். கேள்வி வேலை செய்தது. "எனக்க உறக்கத்துக்கு என்ன கேடு?" என்று தமிழில் திருப்பிக் கேட்டார். "உம்மகிட்ட ஆரு என்ன சொன்னது?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குத காரியமாவே இது?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்து ஒரு அம்மா நின்றார். "உறக்கமா? மூத்தவனுக்க கல்யாணம் முடியாம எனக்கு எப்பிடி மக்கா உறக்கம் வரும்?" என்று தொடங்கி, மகனின் படிப்பு, வேலை, உயரம், நிறம் எல்லாவற்றையும் சொல்லி, எங்களுக்குத் தெரிந்த இடத்தில் பெண் ஏதாவது உண்டா என்று கேட்டு, தன் நம்பரையும் தந்துவிட்டுப் போனார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே லீட் அதுதான். மாலையில் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் விசிட்டிங் கார்டு வைத்துக்கொண்டு நடப்பவர் யார்? மிட்டாய்க் காகிதங்களும் பரிசு விழாத லாட்டரிச் சீட்டுகளும் ஒரு சட்டைப் பித்தானும் கிடந்தன.

மெத்தையில் படுத்துப் பாருங்கள் என்று எத்தனையோ பேரிடம் சொன்னேன். யாரும் படுக்கவில்லை. "அய்யய்யோ, இத்தன ஆளுவளுக்க முன்னால எப்பிடி கெடக்க?" என்றார்கள். பலாப்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் ஒரு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். இரண்டு பேர் மெத்தையை முகர்ந்தும் பார்த்தார்கள். பக்கத்து ஸ்டால் ஊதுபத்தி வாசத்தில் அவர்களுக்கு என்ன தெரிந்ததோ.

இரண்டாம் நாள் கனமான மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் போட வேண்டியிருந்தது. உதவிக்கு அத்தானை வரச் சொல்லியிருந்தேன். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நானும் அக்காவும் பிறந்தது பொழியூரில். என்னை உள்நாட்டில் கட்டிக்கொடுத்தார்கள், அக்காவை அதே கடற்கரையில். அத்தானுக்கு வள்ளத்தில் வேலை. அன்று விடியற்காலையில் கரை பிடித்து, மீனை ஏலத்துக்கு விட்டு, குளித்து, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக நேரே வந்துவிட்டார். மெத்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார். நான் அதன்மேல் வெள்ளை விரிப்பு விரித்தேன். என் கணவர் கொட்டகைக்கு ஒருமுறை போய்விட்டு, வரும்போது சாயா வாங்கிவருவதாகச் சொல்லிப் போனார்.

"மக்கா, நான் ஒரு நிமிசம் நடு நிமித்தட்டுமா?" என்றார் அத்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"கெடயுங்க அத்தான். ஆருமே கெடக்க மாட்டேங்குதாவ. நீங்களாவது கெடயுங்க."

அவர் மல்லாந்து படுத்தார். வள்ளத்தில் கையைக் காலைப் பரப்ப இடம் கிடையாது என்பதால், எங்கே படுத்தாலும் கால்களைச் சேர்த்து நீட்டி, இரண்டு கைகளையும் கோத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். "கொள்ளாம், நல்லாருக்கு," என்றார். அதுதான் கடைசியாகச் சொன்னது. மறுகணம் குறட்டை தொடங்கிவிட்டது. வள்ளத்து எஞ்சினைக் கயிறு இழுத்துக் கிளப்பும்போது முதலில் இரண்டு முறை அடைத்துப் பிறகு பிடித்துக்கொள்ளுமே, அப்படி.

நான் எழுப்பிப் பார்த்தேன். தோளைக் குலுக்கினேன். பாதத்தில் கிள்ளவும் செய்தேன். அலையில் ஆடியபடி உறங்கிப் பழகிய மனிதரை நான் குலுக்கி என்ன ஆகப்போகிறது? குலுக்கக் குலுக்க இன்னும் சுகமாக உறங்கினார்.

கழிப்பறைக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றார். அவர் நின்றதால் பின்னால் வந்தவரும் நின்றார். கொஞ்ச நேரத்தில் ஸ்டாலைச் சுற்றி ஒரு வளையம் உருவாகிவிட்டது.

"இது ஆளா, பொம்மையா?"

"பொம்மை எங்கயாவது கொறட்டை விடுமா?"

"உள்ள மோட்டார் வச்சிருப்பாவ."

"ஆளுதான், எனக்க அத்தான்," என்றேன். "ராத்திரி கடலுக்குப் போயிட்டு வந்தவரு. மெத்தையில கெடந்ததும் உறங்கியாச்சு."

"உறக்கத்துக்குக் குளிகை ஏதாவது குடுத்தியளா?"

"இல்ல. மெத்தை மட்டும்தான்."

இதைச் சொன்னபோது, வகுப்பெடுத்த சாரே அருகில் நின்று தலையாட்டுவதுபோல் எனக்குத் தோன்றியது. ஆனால் கூட்டம் பார்த்துவிட்டுப் போனதே தவிர, நம்பர் தந்து போகவில்லை. அவர்களுக்கு மெத்தை கண்ணில் படவே இல்லை. அத்தான்தான் பட்டார். ஒரு கல்லூரிப் பெண் ஃபோனை உயர்த்தி, "ஆன்ட்டி, ஒரு ரீல் எடுக்கட்டே?" என்று கேட்டாள். விளம்பரம்தானே என்று நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அந்தப் பெண் என்ன செய்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. குறட்டைச் சத்தத்தை எடுத்துவிட்டு, வேடிக்கைக்காக ஒரு சோகப் பாட்டை அதில் ஏற்றிப் போட்டுவிட்டாள். இப்போது அந்தக் காட்சியைப் பொழியூரில் உட்கார்ந்து ஃபோனில் பார்க்கிறவர்கள் கண்ணால் பாருங்கள். வெள்ளை விரிப்பு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கால்களைச் சேர்த்து நீட்டி, நெஞ்சின்மேல் கைகளைக் கோத்துக் கிடக்கிறார் அத்தான். தலைமாட்டில் ஊதுபத்திப் புகை சுருண்டு சுருண்டு போகிறது. சுற்றிலும் ஆட்கள் கைகட்டி, வாய் பொத்தி, குனிந்து முகத்தைப் பார்க்கிறார்கள். அவர்கள் சிரிப்பை அடக்கத்தான் வாய் பொத்தினார்கள். கால்மாட்டில் முகம் வாடி நிற்கிறவள் நான். எழுப்பிக் களைத்துப்போனதால் வந்த வாட்டம் அது.

அந்த ஒன்றிரண்டு மணி நேரமும் என் ஃபோன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. அக்கா எத்தனை முறை கூப்பிட்டாளோ தெரியாது. என் காதில் முதலில் விழுந்தது மண்டபத்து வாசலில் எழுந்த அழுகைச் சத்தம்தான். தலைமுடி அவிழ்ந்து கிடக்க, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பக்கமும் தோளைப் பிடித்துக்கொண்டு வர, அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தாள். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. ஊதுபத்தி விற்கிறவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"எனக்க ராசா! கடல் கொண்டு போவாத ஒம்மள இந்தக் கரையில வச்சு எடுத்துட்டாவளே!"

"அக்கா, அக்கா, கேளு..."

"நீ பேசாத கேட்டியா! ஃபோன்ல ஒருவாக்கு விளிச்சு சொன்னியாட்டீ நீ?"

இந்த ஒப்பாரிதான் என் குலுக்கலால் முடியாததைச் செய்தது. அத்தான் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் கூட்டம், நடுவில் மனைவி மார்பில் அடித்து அழுகிறாள். பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தார்.

"ஆரு செத்தது?" என்றார்.

அக்காவின் அழுகை பாதியில் நின்றது. அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நீருதான் ஓய்!" என்றாள்.

மண்டபமே அதிர்ந்தது. சிரிக்காமல் இருந்தவர்கள் நாங்கள் மூன்று பேரும்தான். அக்கா கையில் இருந்த பையால் அத்தானின் தோளில் இரண்டு போடு போட்டாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்து உண்மையாகவே அழுதாள். கடலுக்குப் போகிறவர் வீட்டில் அந்தச் செய்தி எப்படி வந்து விழும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எங்கள் கடற்கரையில் எத்தனையோ வீடுகளில் அது விழுந்திருக்கிறது. அத்தான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, "உறங்கத்தானே செஞ்சேன், உறங்கத்தானே செஞ்சேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கூட வந்த பெண்கள் சொல்லித்தான் மீதி தெரிந்தது. ஊர் வாட்ஸாப் குரூப்பில் அனுதாபச் செய்திகள் வரத் தொடங்கிவிட்டனவாம். சாவு மணி அடிக்க மாதா கோயிலுக்கு ஆள் போயாச்சாம். உடனே அத்தான் தன் ஃபோனை எடுத்து, வாயோடு சேர்த்துப் பிடித்து, குரூப்பில் தன் குரலைப் பதிவு செய்தார்.

"எலே, இது நானாக்கும். நான் சாவல்லே. மெத்தையில கெடந்து உறங்கினேன். மணி ஒண்ணும் அடிக்காண்டாம்."

முதலில் வந்த பதில், எந்த மெத்தை என்பதாக இருந்தது.

அழுது ஓய்ந்த அக்கா மெத்தையில் நன்றாக உட்கார்ந்தாள். பிறகு கையை ஊன்றி அமுக்கிப் பார்த்தாள். "ஏட்டி, இதிலயா இந்த மனுஷன் உறங்கினாரு? கல்லு மாதிரி கெடக்கு!"

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் அத்தான். "கட்டியாக் கெடந்தாத்தான் நடு நிமிரும்."

"ஒமக்கு வள்ளத்துப் பலகையே போதும். எனக்கு மெத்துன்னு வேணும்."

"மெத்துன்னு கெடந்தா அமுந்து போவும். எழும்ப ஒக்காது."

"நான் எழும்புவேன். காலையில எழும்பி ஒமக்குச் சாயா இடுதது ஆரு?"

கூட்டம் இப்போது வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தது. ஒரு பெண் தன் கணவரை முழங்கையால் இடித்தாள். "கேட்டியளா? இதத்தான் நானும் சொல்லுதேன்." அந்தக் கணவர், "அவரு சொல்லுததுதான் சரி," என்றார். அதைக் கேட்டு இன்னொரு அம்மா, "ஆணுங்க எல்லாம் ஒரே சாதி," என்றார். அத்தானும் அக்காவும் ஆரம்பித்ததை ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் இடித்த பெண்ணே செருப்பைக் கழற்றிவிட்டு, "நவுருங்க சேச்சி," என்று அக்காவை ஒதுக்கிவிட்டு மெத்தையில் நீட்டிப் படுத்தாள். ஒப்பாரியே நடந்து முடிந்த இடத்தில் படுப்பதற்கு இனி என்ன வெட்கம்?

என் கணவர் சாயாவோடு திரும்பி வந்தார். போகும்போது காலியாக இருந்த கட்டிலில் இப்போது முன்பின் தெரியாத பெண்மணி கிடப்பதையும், அக்கா கண்ணீர்த் தடத்தோடு நியாயம் பேசுவதையும் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. அவருடைய நல்ல குணங்களில் அது ஒன்று. கொஞ்ச நேரம் வாதத்தைக் கேட்டுவிட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒற்றை மெத்தைகளில் இரண்டை இழுத்தார். ஒன்று தும்பு மட்டும் உள்ளது, நல்ல கட்டி. மற்றது மேலே கனமான ரப்பர் பஞ்சு வைத்தது. கட்டிலில் கிடந்ததை இறக்கிவிட்டு, இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டு ஒரே விரிப்பை விரித்தார்.

"பாதி கட்டி, பாதி பஞ்சு," என்றார். "இனி சண்டை வேண்டாம்."

சண்டை அதற்குப் பிறகுதான் களைகட்டியது. சுவரோரப் பக்கம் யாருக்கு, ஃபேன் காற்று யாருக்கு என்று புதிய வழக்குகள் வந்தன. கடற்கரையில் மீன் கூவி விற்ற குரல் அக்காவுடையது. அவள் கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டு தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி அழைத்தாள். "வாருங்க, வாருங்க. ரெண்டு பேருமாட்டு வந்து கெடந்து பாருங்க. கெட்டின ஆளுகூட வந்தவங்க முன்னால வாங்க!" ஜோடி ஜோடியாக வரிசை நின்றது. ஊதுபத்தி விற்கிறவர் கடையை அப்படியே விட்டுவிட்டு மனைவிக்கு ஃபோன் போட்டு வரச் சொன்னார்.

படுத்துக் கிடக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நிற்கிறவர் எந்தக் கேள்விக்கும் போகிற அவசரத்தில் பதில் சொல்வார். படுத்தவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்கிறார். முழங்கால் வலி, மருமகள் வாங்கித் தந்த கட்டில், கல்ஃபிலிருந்து மகன் வரும் மாதம் எல்லாம் சொன்னார்கள். நம்பரும் தந்தார்கள். நான் ஃபோனில் சேமித்துக்கொண்டே போனேன். அந்த அமளியில் பெயர் கேட்க நேரமில்லை. யாரென்று பிறகு நினைவு வர வேண்டுமே என்று வாய்க்கு வந்ததைப் போட்டுவைத்தேன். 'கொல்லயில் முழங்கால்', 'பாறசாலை குறட்டை', 'பஞ்சு டீச்சர்', 'கல்ஃப் மகன்', 'அம்பூரி கட்டி', 'அம்பூரி பஞ்சு'.

மூன்றாம் நாள் காலையிலேயே, "உறங்குத ஆளு எங்க?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். நாங்கள் அத்தானை மறுபடியும் படுக்க வைத்தோம். பாவம், உறக்கம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். கால் விரல்கள் ஆடின. யாரோ, "இன்னைக்குக் கொறட்டை இல்லியே," என்றதும், "வரும், வரும்," என்று கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். அதோடு அவரை எழுப்பி விட்டுவிட்டோம். அக்காதான் மாலை வரைக்கும் நின்று கூட்டத்தை ஆண்டாள்.

கண்காட்சி முடிந்த மறுவாரம் கூப்பிடும் வேலையை என் கணவர் ஏற்றுக்கொண்டார். என் ஃபோனைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மரியாதையாகத் தொடங்கினார். "ஹலோ, நமஸ்காரம், பாறசாலை குறட்டைதானே பேசுறது?"

அந்தப் பக்கம் பேசியது குறட்டைக்காரரின் மனைவி. "ஓ, அவருதான். இந்நா குடுக்கேன்," என்றாராம். அவர்கள் வாங்கினார்கள். முழங்கால் கோபித்துக்கொண்டு ஃபோனை வைத்துவிட்டார். பலர் எடுக்கவே இல்லை. சிலர், எந்த மெத்தை, எந்தக் கண்காட்சி என்று கேட்டார்கள். ஆனாலும் கொட்டகைச் சுவர் மறுபடி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அடுக்கு இறங்கியது.

இரண்டு அம்பூரியும் ஒரே வீடு. ரப்பர்த் தோட்டத்துக்குள் தனியாக இருக்கும் வயதான கணவனும் மனைவியும். பாதி கட்டி, பாதி பஞ்சு என்று எல்லாம் பேசி முடித்தாயிற்று. இரண்டு நாள் கழித்து 'அம்பூரி பஞ்சு' தனியாகக் கூப்பிட்டார். குரல் ரகசியமாக இருந்தது.

"மோளே, அவருக்க பக்கத்தையும் கொஞ்சம் மெத்துன்னு செய்யணும். நடு வலிக்குது அவருக்கு. சொல்ல மாட்டாரு. நான் சொன்னேன்னு அறியாண்டாம்."

அன்று மாலையே 'அம்பூரி கட்டி' கூப்பிட்டார். அவரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார். "அவளுக்க பக்கம் ரொம்ப அமுங்கப்பிடாது. முட்டுவலிக்காரி, எழும்பக் கஷ்டப்படும். ஆனா கட்டின்னு சொன்னா சம்மதிக்க மாட்டா. அவ அறியாம பாத்து செய்யணும்."

என் கணவர் கொட்டகையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கட்டியை மெதுவாக்கி, பஞ்சைக் கட்டியாக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும் என்று கண்டுபிடித்தார். "பின்ன எதுக்கு ரெண்டு?" என்று என்னிடம் கேட்டார்.

"ரெண்டாவே செய்யுங்க," என்றேன். "நடுவில ஒரு தையல் இருக்கட்டும்."

ஜீப்பில் ஏற்றி மலையேற்றிக் கொண்டுபோனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கட்டிலில் போட்டு விரித்ததும் அந்தப் பெரியவர் எந்தப் பக்கம் தன்னுடையது என்று கேட்டார். என் கணவர் சற்று விழித்துவிட்டு ஜன்னல் பக்கத்தைக் காட்டினார். பெரியவர் அதில் படுத்தார். அந்த அம்மா மறுபக்கம் படுத்தார். இருவரும் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். ஓட்டின்மேல் மழைச் சத்தம் கேட்டது.

"நல்ல கட்டி," என்றார் அவர்.

"இது நல்ல பஞ்சு," என்றார் அந்த அம்மா. பிறகு கையை ஊன்றாமலே எழுந்து, எங்களுக்குக் கப்பைக் கிழங்கு அவிக்க அடுக்களைக்குப் போனார்.